பவுடர் மூஞ்சிக்கு ஒரு விசில்

அத்தியாயம் 17

சர்வஜித் படம் ரிலீஸ் ஆகிற நாளில் கௌசல்யா இருக்கிற வீட்டில் டி.வி. ஓடாது. இரண்டு வருஷமாக அப்படித்தான். மசாலாப் பொடி விளம்பரத்தில் அவன் வந்து பல்லைக் காட்டினால்கூட ரிமோட்டைத் தேடி ஓடுவாள். ரிமோட் கிடைக்காவிட்டால் பிளக்கையே பிடுங்கிவிடுவாள். அவனுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பவுடர் மூஞ்சி. ஐம்பது வயசில் கன்னத்துக்கு ரோஸ் பூசிக்கொண்டு காலேஜ் பெண்ணின் பின்னால் ஆடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

காரணத்தை நாம் அறிவோம். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடலாம்.

கௌசல்யாவின் புருஷன் லிங்கராஜ் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து இருபது வருஷம் மூங்கிலும் கயிறுமாக வாழ்ந்தவன். விழிஞ்ஞத்தில் சர்வஜித் படப்பிடிப்பு நடந்தபோது, நடிகனுடைய உடம்புவாகு இவனுக்கும் இருக்கிறதென்று டூப் போட அழைத்துப் போனார்கள். ஏற்பாடு செய்தவன் லிங்கராஜின் அக்கா பேச்சியின் மகன் பிரஜின். மொபைல் கடையில் வேலை, சர்வஜித் ரசிகர் மன்றத்தில் கரமனைக் கிளைச் செயலாளர். கண்டெய்னர் அடுக்கின் உச்சியிலிருந்து குதித்த லிங்கராஜ் விரித்திருந்த மெத்தையில் விழவில்லை, சிமென்ட் தரையில் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. படக் கம்பெனி மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதத்தோடு வந்தான். அந்த நேரத்தில் கேமராவே ஓடவில்லை, சாப்பாட்டு இடைவேளையில் இந்த ஆள் குடித்துவிட்டுத் தானாக ஏறித் தானாக விழுந்தான் என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. காகிதம் மலையாளத்தில் இருந்தது. லிங்கராஜும் கௌசல்யாவும் பேச்சியும் மலையாளத்தில் மீன் பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஆனால் ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பிரஜின்தான் படித்துச் சொன்னான். சாட்சிகள் யாரோ இரண்டு லைட்மேன்கள் என்றான். தான் அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்ததாகவும் சொன்னான்.

சர்வஜித்தும் ஒருநாள் வந்தான். மூன்றே நிமிஷம். போட்டோக்காரன் தலையசைத்ததும் லிங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது குடியை விட்டுடுங்க பிரதர்" என்றான். பிறந்ததிலிருந்து கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காத மனுஷனிடம் சொன்னான். கௌசல்யாவின் வெறுப்பு அந்த மூன்று நிமிஷத்தில் பிறந்தது.

பேச்சி தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் கரமனையில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள். சோற்றோடு, "குடிச்சிட்டு ஏறினவனுக்குக் குழம்புலே ருசி வேற கேக்கு" என்பதையும் சேர்த்தே போட்டாள். சொந்த அக்காவே நம்பவில்லை என்கிற புண்தான் லிங்கராஜுக்கு முதுகுப் புண்ணைவிட அதிகமாக வலித்தது.

அந்தப் படம் இந்த வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆயிற்று.

விடியற்காலை ரசிகர் காட்சி பார்த்துவிட்டுத் தொண்டை கட்டிப்போய் ஏழரை மணிக்குப் பிரஜின் வீடு வந்தான். கட்டிலிலிருந்து லிங்கராஜ் கூப்பிட்டான்.

"மருமவனே, இருக்கா?"

"என்னது மாமா?"

"என்னதுன்னு தெரியாதாக்கும்."

"இல்ல மாமா. அந்த பாகமே வெட்டிட்டாங்க. கண்ணை இமைக்காமப் பாத்தேன். சத்தியமாயிட்டும் இல்ல." மாமாவின் தலையில் கைவைத்தே சொன்னான்.

லிங்கராஜ் அவனை அனுப்பிவிட்டுக் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு கௌசல்யாவிடம், "நீ மேட்னிக்குப் போயிட்டு வா" என்றான்.

"அந்தப் பவுடர் மூஞ்சியை நான் போய்ப் பாக்கணுமாக்கும்? அதுக்கு என்னைக் கரமனை ஆத்துலே தள்ளிவிடச் சொல்லுங்க உங்க அக்காகிட்டே."

"ஆத்துக்கு நாளைக்குப் போலாம். கேட்டியா, என் குதி உனக்குத் தெரியும். வேற எவனுக்கும் தெரியாது. படத்துலே அது இருந்தா கேமரா ஓடியிருக்குன்னு அர்த்தம். கேமரா ஓடியிருந்தா நான் வேலை பாக்கும்போதுதான் விழுந்திருக்கேன். இல்லைன்னா சாவுற வரைக்கும் நான் குடிகாரன்."

அவள் கொடியில் கிடந்த சேலையை எடுத்தாள்.

"கிளைமாக்ஸுக்குன்னு சொல்லித்தான் எடுத்தானுவ. கடைசியிலேதான் வரும். அதுவரைக்கும் வேணும்னா கண்ணை மூடிட்டு உக்காந்திரு."

சாரம் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உயரத்தில் காலை எடுக்கும் முன்னால் விரல் முட்டியால் மூங்கிலை இரண்டு தட்டு தட்டுவார்கள். ஊர் இசக்கியம்மனிடம் சொல்லிக்கொள்வதாக நினைப்பு. லிங்கராஜ் வீட்டு வாசற்படி இறங்கும்போதும் நிலையைத் தட்டிவிட்டுத்தான் இறங்குவான். அன்றைக்குக் கண்டெய்னரையும் தட்டிவிட்டே குதித்ததாகச் சொல்லியிருந்தான்.

அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோது பிரஜின் தயாராக நின்றான். "துணைக்கு நானும் வாறேன் அத்தை. எனக்கு ரெண்டாவது ஷோ ஆயிட்டும். பரவால்ல."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் கௌசல்யா. பாவம், அவளுக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

வாசலில் பேச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "புருஷன் பீத்துணியிலே கிடக்கான். பொண்டாட்டிக்கு சினிமா. ஏட்டி, கொஞ்சம் பவுடர் போட்டுட்டுப் போயேன்."

"உங்க தம்பிதான் போகச் சொன்னாரு, மைனி."

"அவன் ஏறச் சொன்னாலும் ஏறுவான், குதிக்கச் சொன்னாலும் குதிப்பான். உனக்குப் புத்தி எங்கே போச்சு?"

தம்பானூர்த் தியேட்டரில் நிற்க இடமில்லை. பால்குடம், பட்டாசு, சர்வஜித் முகம் போட்ட பனியன்கள். கௌசல்யா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஏ.சி. காற்று பட்டதும் உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருஷத்தில் டெட்டால் வாடை அடிக்காத இடத்தில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

திரையில் முதலில் சர்வஜித்தின் செருப்பைக் காட்டினார்கள். பிறகு கைக்கடிகாரம், பிறகு பின்னங்கழுத்து. முகத்தைக் காட்டுவதற்குள் ஒரு நிமிஷம் ஓடிற்று. கௌசல்யா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இரைச்சல் தாங்காமல் திறந்தபோது பவுடர் மூஞ்சி திரை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. நாசமாய்ப் போக என்று வாய்க்குள் வாழ்த்தினாள்.

வில்லன் வந்தபிறகுதான் வினை ஆரம்பித்தது. வில்லன் துறைமுகத்துக் காண்டிராக்டர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கை நசுங்கிப்போன ஒரு தொழிலாளியிடம் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடு என்றான். கௌசல்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர் அதே மாதிரிதான் பேனா மூடியைக் கழற்றி நீட்டினான்.

காண்டிராக்டரின் ஆட்களைச் சர்வஜித் மீன் ஏலக் கூடத்தில் வைத்து உதைத்தான். அரிவாளும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்களை, ஐஸில் விறைத்துப்போன சூரை மீனை வாலைப் பிடித்துச் சுழற்றி அடித்தான். ஒருவன் வாய்க்குள் மீன் தலை போய்ச் செருகிக்கொண்டது. கௌசல்யா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த அடிக்குக் கை இறங்கிவிட்டது.

படம் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. அவனுடைய மூக்கு பிடிக்கவில்லை, மீசையை முறுக்குவது பிடிக்கவில்லை, வசனத்துக்கு நடுவில் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது அறவே பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடி விழும்போதும் அது மேனேஜரின் கன்னத்தில் விழுந்தது. அடிப்பவன் யாராயிருந்தால் என்ன, விழுகிற கன்னம்தானே முக்கியம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கிளைமாக்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, அதுவரை பார்த்தால் குற்றமில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு துரத்தல். சர்வஜித் கண்டெய்னர்கள்மேல் தாவித் தாவி ஓடினான். பின்னால் நாற்பது பேர். உச்சிக் கண்டெய்னரின் விளிம்புக்கு வந்துவிட்டான், அதற்குமேல் வழியில்லை. தியேட்டரே எழுந்து நின்றது. கௌசல்யாவும் எழுந்து நின்றாள். குதித்தான். கீழேயிருந்து காட்டினார்கள். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு உடம்பு கையை விரித்து இறங்கிற்று. அவள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். சின்ன வயசில் அண்ணன்மார்களிடம் பழகிய விசில். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்த மாதிரிப் படங்களில் நல்ல குதியை ஒரு தடவையோடு விடமாட்டார்கள். இரண்டாவது தடவை பின்பக்கத்திலிருந்து காட்டினார்கள், மெதுவாக. விளிம்பில் குனிந்த முதுகு. தொங்கிய வலது கை. அந்தக் கை விரல் முட்டியால் இரும்பை இரண்டு தட்டு தட்டிற்று.

கௌசல்யாவின் விரல்கள் வாயிலேயே இருந்தன. காற்று வரவில்லை.

மூன்றாவது தடவை பக்கவாட்டில். கையை விரித்தவன் பாதி வழியில் ஒருபக்கமாகச் சாய்ந்தான், இடுப்பில் கட்டியிருந்த கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது, இடது கால் மடங்கிற்று. தரை வருவதற்கு ஒரு முழம் இருக்கும்போது காட்சி மாறிற்று. சர்வஜித் புழுதியிலிருந்து எழுந்து மீசையில் ஒட்டியிருந்த தூசியை ஊதினான். திரையில் இடைவேளை என்று விழுந்தது. அந்த ஒரு முழத்துக்குக் கீழே என்ன நடந்தது என்பது அத்தனை கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள்.

அவள் மட்டுமில்லை. பக்கத்தில் திரும்பினாள். பிரஜின் கைதட்டவில்லை. விடியற்காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினவன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேமரா ஓடியிருக்குடா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஓடிச்சு. நாலு கேமரா ஓடிச்சு." போனைத் தாழ்த்தினான். "பப்ஸ் வேணுமா அத்தை?"

"காலையிலே இல்லேன்னு சொன்னியே. மாமா தலையிலே கைவச்சுச் சொன்னியே."

"இப்பவும் அதைத்தான் சொல்லப்போறேன். நீங்களும் அதைத்தான் சொல்லணும்." போனைத் திருப்பிக் காட்டினான். அதில் கௌசல்யா இருந்தாள். கண்கள் மின்ன, பல்லெல்லாம் தெரிய, கொள்ளை அழகாக விசிலடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண போட்டோவில்கூட அவள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. "மாமா விழும்போது நீங்க அடிச்ச விசில் இது. இதை மாமாவுக்குக் காட்டவா?"

"நான் அவருன்னு தெரியாமல்லே அடிச்சேன்."

"அது எனக்குத் தெரியும். மாமாவுக்கு அறியுமா? அம்மாவுக்கு?" அவன் குரலில் கோபமில்லை. கடைக்கு வந்தவரிடம் போன் விலை சொல்லுகிற மாதிரியே சொன்னான். "நீங்க இருக்கறதும் உண்ணறதும் எங்க வீட்டுலே. எல்லாரும் நல்லா இருக்கோம். அப்படியே இருப்போமே."

கௌசல்யா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கால்கள் எழவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இரண்டாம் பாதியை அவள் முழுக்கப் பார்த்தாள். அரைமணி நேரம் திரை அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கடைசியில் சர்வஜித் நங்கூரச் சங்கிலியைக் காண்டிராக்டரின் கழுத்தில் மாட்டி, அவன் கையெழுத்து வாங்கின காகிதங்களை அவன் வாயிலேயே திணித்தபோது, அவள் தொடையில் கையை ஓங்கி அடித்துக்கொண்டு, "இன்னும் போடு" என்றாள். சத்தமாகவே சொன்னாள். சொன்னபிறகு தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

வீடு வந்தபோது மணி ஆறு. பேச்சி தம்பியைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து ஆப்பம் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா மகாராணி. படம் நல்லாருந்துதா?"

லிங்கராஜ் ஆப்பத்தை வாங்காமல் கௌசல்யாவையே பார்த்தான். "இருக்கா?"

பிரஜின் முந்திக்கொண்டான். "நான்தான் காலையிலேயே சொன்னேனே மாமா. இல்ல. அத்தையும் பாத்தாச்சு, அல்லே அத்தை?" போனைத் தொடையில் தட்டிக்கொண்டே சொன்னான்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். சோறு நிலைக்கும், கூரை நிலைக்கும், அவள் அடித்த விசில் யாருக்கும் கேட்காது. புருஷன் குடிகாரனாகவே சாவான், அவ்வளவுதான். கௌசல்யா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "இடைவேளைக்கு முந்தியே வந்துட்டு. மூணு தடவை காட்டுதான். நீங்க ரெண்டு தட்டு தட்டினதுகூடத் தெரியுது."

பேச்சியின் கை ஆப்பத்தோடு நடுவில் நின்றது. லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "நான் குடிக்கல அக்கா" என்றான். இரண்டு வருஷமாகக் கத்திக் கத்திச் சொன்னதை அன்றைக்கு மெதுவாகச் சொன்னான்.

"அப்படியா அத்தை?" பிரஜின் போனை மாமாவின் கையில் வைத்தான். "மாமா விழுந்ததை அத்தை எவ்வளவு சங்கடப்பட்டுப் பாத்தாங்கன்னு இதையும் பாருங்க மாமா."

விசில் சத்தம் அந்தச் சின்ன அறையில் தியேட்டரைவிடப் பெரிதாகக் கேட்டது. லிங்கராஜ் முழுக்கப் பார்த்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் போடச் சொன்னான். கௌசல்யா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் தன்னை இரண்டு அடி அடித்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஏங்கினாள்.

"தூ" என்றாள் பேச்சி. "அங்கே அவன் எலும்பு முறியுது. இங்கே இவ விசிலடிக்கா."

"விசில் நல்லாத்தான் இருக்கு" என்றான் லிங்கராஜ். பிறகு பிரஜினைப் பார்த்தான். "மருமவனே, இதை எப்போ எடுக்க ஆரம்பிச்ச?"

"எப்போன்னா?"

"முதல்லே இவ சும்மா உக்காந்திருக்கா. அதுக்கப்புறம்தான் எந்திரிக்கா. அப்போ நான் குதிக்கதுக்கு முன்னாலேயே நீ போனைத் தூக்கியிருக்க. அந்த இடம் வரப்போவுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. காலையிலே என் தலையிலே கைவச்சது எதுக்கு மக்கா?"

பிரஜின் போனை வாங்கக் கை நீட்டினான்.

"அன்னைக்கு டீ வாங்கப் போனேன்னு சொன்னியே. எவ்வளவு தூரம் போன? டீ வந்துதா?"

"எலே, என்னலே சொல்லுதான் இவன்?" என்று பேச்சி மகனைப் பார்த்துக் கேட்டாள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை.

"கௌசி, பெட்டியிலே அந்தக் காகிதம் கிடக்கு. காலையிலே பக்கத்து வீட்டு ஜெயபாய் டீச்சர்கிட்டே கொண்டு போ. சாட்சி ரெண்டு பேரோட பேரையும் உரக்கப் படிக்கச் சொல்லு. அக்காவையும் கூட்டிட்டுப் போ, அவளும் கேக்கட்டும்."

"மாமா, அது வேண்டா" என்றான் பிரஜின்.

சாட்சிகளில் ஒருவன் யார் என்று அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சி தட்டைக் கீழே வைத்தாள். முற்றத்துக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

லிங்கராஜ் சிரித்தான். இரண்டு வருஷத்தில் கௌசல்யா பார்க்காத சிரிப்பு, இனிமேல் பார்க்கவும் விரும்பாத சிரிப்பு. "பயப்படாதே மருமவனே. நான் போலீசுக்கா போகப் போறேன்? நாளைக்கு மேட்னிக்கு மூணு டிக்கெட் எடு. நீதான் என்னைத் தூக்கிட்டுப் போணும். படியிலே பாத்து ஏறணும், நான் கனப்பேன். என் பக்கத்துலேயே உக்காரணும். அந்த இடம் வரும்போது எந்திரிச்சுக் கைதட்டணும். மூணு தடவை விழுவேன், மூணு தடவையும் தட்டணும்."

பிறகு தலையைத் திருப்பினான்.

"நீயும் வரணும். இன்னைக்கு அடிச்சியே, அதே மாதிரி விசிலடிக்கணும். எனக்கு நேர்லே பாக்கணும், நீ சிரிச்சா எப்படி இருக்கும்னு மறந்துட்டு."

"சரி" என்றாள் கௌசல்யா.

அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நாளைக்கு அந்த இடத்தில் அவள் எவ்வளவு முயன்றாலும் விசில் வராது. அதை அவனும் புரிந்துகொள்வான். ஆனால் அதோடு படம் முடிந்துவிடாதே. கடைசியில் சங்கிலிச் சண்டை வரும். எழுந்து நிற்க முடியாத புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து இன்றைக்குப்போலக் கத்தாமல் அவள் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பாள்?